சுலோசனா மிஸ் காட்டிக் கொடுக்கவில்லை

சுலோசனா மிஸ் இறந்த செய்தி எனக்கு ரேஷன் கடை வரிசையில் கிடைத்தது. சர்க்கரைக்காக நின்றிருந்தேன். இடுப்பில் சின்னவன், கையில் பை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் எங்கள் கல்லூரியில் படித்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என்னை அவர்கள் கவனிக்கவில்லை.

"சுலோசனா மிஸ் போயிட்டாங்களாம்டி. கும்மோணத்துல, அண்ணன் வீட்டுலயாம்."

"எந்த சுலோசனா மிஸ்?"

"சைக்காலஜி எடுப்பாங்களே. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு."

"ஓ, ஒரு பொண்ண எழுதச் சொல்லி வாங்கி போலீஸ்ல குடுத்தாங்களே, அந்த மிஸ்ஸா?"

"அவங்கதான்."

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். சர்க்கரை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "அவங்க குடுக்கலம்மா" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை.

பிறகு கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசிய எல்லோரும் அவருடைய நேரந்தவறாமையைப் பற்றியும் பாடம் நடத்தும் அழகைப் பற்றியும் சொன்னார்கள். அந்த விஷயத்தை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஓரிடத்தில் வந்து தயங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, வேறு பக்கம் போனார்கள். நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன், பரீட்சைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். கெடு முடிந்து பதினைந்து நாள் கழித்து இதை எழுதுகிறேன். அச்சிடுவதும் அச்சிடாததும் மலர்க்குழுவின் விருப்பம். அவரோடு பழகியவர்கள் யார் கையிலாவது இது போய்ச் சேர்ந்தால் சரி.

முதலில், அவரைத் தெரிந்தவர்களுக்கு அவரை ஞாபகப்படுத்துகிறேன். அவர் எங்கள் கல்லூரியில் தத்துவத் துறை விரிவுரையாளர். உளவியல் தாளையும் அவரே எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாக்பீஸைக் கடைசித் துணுக்குவரை எழுதுவார். விரல் நுனியில் இருப்பது சாக்பீஸா நகமா என்று தெரியாது. பெயர்கள் அவருக்கு நிற்காது. மூன்று வருடம் படித்த பெண்ணைக் கடைசி நாளில் "நீ எந்த கிளாஸ்மா?" என்று கேட்டு அழ வைத்திருக்கிறார். காலையில் காப்பி குடிப்பதற்கு முன் யாராவது பேசினால் கடித்துவிடுவார். நான் சரித்திரத் துறையில் டியூட்டராகச் சேர்ந்தபோது என் மேசை அவர் மேசைக்கு எதிரே அமைந்தது. அவர் மேசை இழுப்பறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். "நான் எங்கயாவது வச்சிடுவேன், நீங்க ஒண்ணு வச்சுக்கங்க" என்று வந்த வாரமே கொடுத்தார்.

அந்த இழுப்பறையில்தான் தாள்கள் இருந்தன.

மாணவிகள் பரீட்சையில் பிட் அடித்து மாட்டினால் எல்லாக் கல்லூரியிலும் நடப்பது தெரிந்ததுதான். தாளைப் பிடுங்குவார்கள், தன் கைப்பட ஒப்புதல் எழுதி வாங்குவார்கள், பிட்டையும் அதையும் உறையிலிட்டு அரக்கு வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். பரீட்சைகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த சுலோசனா மிஸ் அதற்கு முன்னால் தன் வழக்கம் ஒன்றை வைத்திருந்தார். அந்தப் பெண்ணை மேப் வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். ஒரு வெள்ளைத்தாளை எதிரே வைத்து, "ஏன் பண்ணினேன்னு எழுதும்மா. பேரு வேணாம். இது இந்த ரூமை விட்டுப் போகாது" என்பார். திட்டமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாயால் கேட்டால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். "வாயி சட்டுனு பொய் சொல்லிடும். எழுதறப்ப கை கூசும்" என்றார். அவர் செய்த ஒரே தவறு அதுதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். காதால் கேட்டுக் காதிலேயே வைத்திருந்திருக்கலாம். பரீட்சைத் தாளிலேயே வாழ்ந்தவர், தாளை நம்பினார்.

அந்தத் தாள்களில் சிலவற்றை எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பெயர் இருக்காது, கையெழுத்தும் எனக்குத் தெரியாதபடி தாளைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வார். ஒரு பெண் கனகாம்பரச் சரத்துக்குள் பிட்டைச் சுருட்டி வைத்து, மூன்று மணி நேரமும் அதை எடுக்காமலேயே இருந்தவள். 'எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை மிஸ். தலையில் இருந்தால் தைரியமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி பெரிய மிராசு வீட்டுப் பெண். அவளுக்கு பாஸானாலும் ஒன்றுதான், பெயிலானாலும் ஒன்றுதான். தை மாதம் கல்யாணம். 'எங்கள் வரிசையில் எல்லாரும் அடித்தார்கள். நான் மட்டும் அடிக்காவிட்டால் பணக்காரத் திமிர் என்பார்கள்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு மிஸ் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. வேறொரு தாளில் ஒரே ஒரு வரி: 'பெயிலானால் மாமாவுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள்.' அதற்கு அவர் சிரிக்கவில்லை.

"பாருங்க, ஒவ்வொரு தாள்லயும் இன்னொரு ஆள் நிக்கிறாங்க. அப்பா, அண்ணன், மாமா, பக்கத்து பெஞ்சு. பரீட்சை எழுதற பொண்ணத்தான் காணோம்" என்றார்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "ஒண்ணும் தெரியாதவ பிட் கொண்டு வர்றதில்ல. அவ வெறும் தாளக் குடுத்துட்டு நிம்மதியா சினிமாவுக்குப் போயிடுவா. தெரிஞ்சும் தன்னை நம்பாதவதான் கொண்டு வர்றா."

இதை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தியப் படத்தில் நதிகளைக் குறிக்கச் சொன்னார்களாம். அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் கொல்லைப்புறமே காவிரி. பக்கத்துப் பெண் டாக்டர் மகள், இங்கிலீஷ் பேசுகிறவள். அவள் காவிரியை மேற்கே திருப்பி அரபிக்கடலில் கொண்டுபோய் விட்டிருந்தாள். இவர் எட்டிப் பார்த்து, தான் சரியாகப் போட்ட கோட்டை அழித்துவிட்டு, அதே மாதிரி போட்டாராம். "தெனம் அதுல குளிச்சுட்டு வர்றேன். அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா டாக்டர் பொண்ணு தப்பாவா போடுவான்னு தோணிடுச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க அடிச்சிருக்கீங்களா?" என்றார்.

"சீச்சீ, இல்ல மிஸ்" என்றேன்.

புகுமுக வகுப்பில் லாஜிக் பரீட்சைக்குக் கண்ணாடி ஸ்கேலில் காம்பஸ் முனையால் கீறிக்கொண்டு போயிருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். அவர் நம்பினாரோ இல்லையோ, மறுபடி கேட்கவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. பெயரை எழுதலாம் என்று அவளே சொல்லிவிட்டாள்: தனபாக்கியம். கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். சர்க்கார் உபகாரச் சம்பளம், ஹாஸ்டல் சோறு. அப்பா, அம்மா இருவரும் நடவு, அறுப்புக் கூலி வேலை. பி.ஏ. சரித்திரம் இரண்டாம் வருடம், என் வகுப்பு. கரும்பலகையில் நான் தேதியைத் தப்பாக எழுதிவிட்டால், எழுந்து நிற்காமல், பக்கத்துப் பெண்ணிடம் மெல்லச் சொல்வாள். அந்தப் பெண் எழுந்து எனக்குச் சொல்வாள். தானே சொல்ல அவளுக்குத் துணிச்சல் வராது.

அந்த வருடம் எப்படிப்பட்டது என்று தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சி நம்முடையது என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. கூலிச் சட்டம் வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அரை மரக்கால் நெல் கூடக் கேட்டுக் கீழ்வேளூர்ப் பக்கம் அறுப்பு நின்றது. வயலில் கதிர் தலைசாய்ந்து முளைவிட, வரப்பில் ஒரு பக்கம் செங்கொடியும் மறுபக்கம் போலீஸ் லாரியும் நின்றன. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். அடிதடி நடந்தது. களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தனபாக்கியத்தின் அப்பா பெயரும் இன்னும் நால்வர் பெயரும் வழக்கில் ஏறின. ஐவரும் தலைமறைவானார்கள். எங்கள் கல்லூரிச் செயலாளரின் நிலமும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதம், பல்கலைக்கழகப் பரீட்சை. எட்டாம் அறையில் நான் மேற்பார்வை. என் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். காலையில் உடம்பு சுட்டது. மதியம் பரீட்சை முடிந்ததும் மாமியார் குழந்தையைக் கல்லூரி வாசலுக்குத் தூக்கிவருவார், நான் மேப் அறையில் வைத்துப் பால் கொடுத்து அனுப்புவேன். பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். தனபாக்கியத்தின் ஹால் டிக்கெட் கொஞ்சம் தூக்கியிருந்தது. எடுத்தேன். அடியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு காகிதம், உடன்படிக்கைகளும் வருடங்களும். நான் சப்தம் போடவில்லை. அவளும் அழவில்லை. "எடுத்துக்கங்க மிஸ்" என்றாள், தபாலை நீட்டுகிற மாதிரி.

சுலோசனா மிஸ் வந்து அவளைக் கூட்டிப்போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் தனியாக எட்டாம் அறை வாசலுக்கு வந்தார்.

"விடைத்தாளப் பாத்துட்டேன். பிட்டுல இருக்கற எதையும் அவ எழுதல. எல்லாத்தையும் தானாவே எழுதியிருக்கா. ஒரு வருஷம்கூடத் தப்பு இல்ல" என்றார்.

"அப்புறம் எதுக்கு மிஸ் கொண்டு வந்தா?"

"பதினஞ்சு நாளா பொஸ்தகத்தத் தொடல. போலீசு தெருவுக்குள்ள வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிருக்கு. படிச்சதெல்லாம் தலைய விட்டுப் போயிருக்கும்னு பயந்துட்டா. நான் ரிப்போர்ட் அனுப்பப் போறதில்ல. மாடிப்படிக்கிட்ட ஒக்காந்து மீதியையும் எழுதச் சொல்லியிருக்கேன். நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. சரியா?"

"சரி மிஸ்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சட்டத்தை மீறி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மணி அடித்தது. கட்டுகளைத் தைத்து அரக்கு வைத்து, அட்டெண்டரோடு ரிக்ஷாவில் தபாலாபீஸுக்குப் போனார். நான் வாசலுக்கு ஓடப் பார்த்தேன். குழந்தை அழுகிற சப்தம் கேட்டது. வராந்தாவில் செயலாளர் நின்றிருந்தார். பரீட்சை நாட்களில் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார்.

"எட்டாம் ரூம் நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"ஏதோ பொண்ண வெளிய கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னாங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

'இல்லை சார்' என்றால் முடிந்தது. அவர் அப்படியொரு பதிலைத்தான் எதிர்பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. பாதித் திரும்பியும் விட்டார். டியூட்டர் வேலையை ஜூனில் நீட்டிப்பார்களா என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டவில்லை. முகம்கூடக் கடுமையாக இல்லை. என் மனதில்தான் ஜூன் மாதம் வந்து நின்றது. யார் சொன்னார்கள் இவரிடம்? நான் மறைத்தேன் என்று நாளைக்குத் தெரிந்தால்? குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"பிட் வச்சிருந்தா சார். நான்தான் புடிச்சேன்" என்றேன்.

"அப்படியா? ரிப்போர்ட் வரலியே."

"எழுதி வாங்கியிருக்காங்க சார். அவ கைப்பட."

"கொண்டாங்க, பாப்போம்."

போய் இழுப்பறையைத் திறந்தேன். மேலேயே இருந்தது, இரண்டு பக்கம். பெயர் வேண்டாம் என்று சொல்லியும் அவள் முழுப் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் எழுதியிருந்தாள். பரீட்சை எழுதிப் பழகிய கை. முன்பக்கம் மட்டும்தான் பார்த்தேன், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை என்று எனக்கே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். 'அப்பாவும் மற்றவர்களும் பூதலூரில் அத்தை வீட்டுக்குப் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் துணி கொண்டுபோனதில் நான்கு நாள் போய்விட்டது' என்று இருந்தது. படித்துக்கொண்டேதான் வராந்தாவுக்கு நடந்தேன். பத்தடி தூரம்.

செயலாளர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நல்லது. கொழந்த அழுவுது பாருங்க, போங்கம்மா" என்றார்.

போய்ப் பால் கொடுத்தேன். நன்றாகக் குடித்தது. ஜுரம்கூட இறங்கியிருந்தது.

சுலோசனா மிஸ் திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தார். ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தார். நான் விடைத்தாள் கட்டும் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல எடுத்துக்கிட்டாங்க மிஸ்" என்றேன்.

"ஓ" என்றார்.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பூதலூர்ச் சூளையில் ஐந்து பேரையும் பிடித்தார்கள். அடுத்த மாதம் தனபாக்கியத்துக்கு இரண்டு வருடம் பரீட்சை எழுதத் தடை வந்தது. எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதை எழுதச் சொன்னவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. மிஸ்ஸின் வகுப்புக் கரும்பலகையில் ஒரு காலை 'சி.ஐ.டி. மிஸ் வாழ்க' என்று எழுதியிருந்தது. அவர் அதைத் தானே அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாராம். அடுத்த பருவத்தில் மாட்டிய ஒரு பெண் வெள்ளைத்தாளைப் பார்த்ததும், "எதுக்கு, எங்கப்பாவையும் புடிக்கவா?" என்று கேட்டுவிட்டாள்.

அன்று மாலை அவர் இழுப்பறையைக் காலி செய்தார். தாள்களை வாளித் தண்ணீரில் முக்கி முக்கிப் பிசைந்தார். மை கரைந்து தண்ணீர் நீலமானது. அத்தனை வருடம் சேர்த்தவை. அதை வைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "பிட் அடிக்கறவங்கள எப்படிப் புடிக்கறதுன்னு எல்லாரும் எழுதறாங்க. எதுக்கு அடிக்கறாங்கன்னு ஒரு பொம்பளையாவது எழுத வேணாமா?" என்பார். பிசைந்த காகிதத்தை அள்ளிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மறுநாளைக்கான நோட்டுகளை எடுத்து வைத்தார். நான் உதவிக்குப் போனேன். "வேணாம், புடவ நனையும்" என்றார்.

அதன்பின் ஐந்து வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் வேலை நிரந்தரமானது. அவர் என்னோடு எப்போதும்போலவே பேசினார். குறைவாகவும் இல்லை, கூடுதலாகவும் இல்லை. உடம்பு கெட்டுப் போன வருடம் வேலையை விட்டார். கும்பகோணம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போனால் சொல்ல வேண்டியிருக்கும் என்று போகவில்லை.

கெடு முடிந்த பிறகு எழுதுகிறேன் என்றேனே, அதற்குக் காரணம் என் மகள். இரண்டாம் வகுப்பு. போன மாதம் கணக்கு நோட்டைப் பார்த்தேன். சரியாகப் போட்ட விடையை அடித்துவிட்டுத் தப்பாக எழுதியிருந்தாள்.

"ஏன்டி மாத்துன?"

"பக்கத்துல ராஜி அப்படித்தாம்மா போட்டிருந்தா."

"நீ போட்டதுதானே சரி?"

"எனக்குத் தெரியும். இருந்தாலும் பயமா இருந்துச்சு."

அவளுக்கு அந்தப் பயத்தை நான் சொல்லித் தந்ததில்லை. அடித்ததில்லை. ஏழு மாதத்துப் பாலில் போயிருக்குமோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழ்வேளூர் போனேன்.

தனபாக்கியம் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு. இரண்டு குழந்தைகள். அப்பா ஜெயிலிலிருந்து இடுப்பு ஒடிந்து வந்து, ஒரு வருடம் படுக்கையில் கிடந்து போய்விட்டார் என்றாள். தடை முடிந்த பிறகு ஏன் பரீட்சை எழுதவில்லை என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே சிரித்தாள்.

"சுலோசனா மிஸ் இறந்துட்டாங்க, பாக்கியம்."

கால் நின்றது. "எப்ப?"

சொன்னேன்.

"இங்க வந்தாங்க மிஸ், அப்பவே. அப்பாவப் புடிச்ச மறு மாசம். தெருவுல யாரும் ஒரு வாத்தியாரம்மா வந்து பாத்ததில்ல. எங்கம்மா மண்ண வாரித் தூத்துனாங்க. நின்னுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. 'நீங்க குடுத்திருக்க மாட்டீங்க மிஸ், ஆபீஸ்ல யாராச்சும் எடுத்திருப்பாங்க, அப்படித்தானே?'ன்னு நானே எடுத்துக் குடுத்தேன். 'இல்லம்மா, என் கையாலதான் குடுத்தேன்'னுட்டாங்க."

வெயில் களத்தில் தகித்தது. எதிரே ஒருத்தி முறத்தால் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், எல்லாவற்றையும். வராந்தா, இழுப்பறை, பின்பக்கம் படித்தது உட்பட.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க மிஸ்?"

நான் ஓரத்தில் சிதறிய நெல்லைக் காலால் உள்ளே தள்ளினேன்.

"ஆறு வருசமா அந்தம்மாவ நான் ஏசாத ஏச்சு இல்ல. எங்கப்பாவத் தூக்குனப்பகூட அவங்க பேரச் சொல்லித்தான் ஒப்பாரி வச்சோம். அதெல்லாம் இப்ப எங்க போயித் திருப்பி எடுத்துக்கறது?" என்றாள். பிறகு, "எழுதுறதா இருந்தா எம்பேர போட்டே எழுதுங்க. பேரில்லாம ஒரு தடவ எழுதச் சொன்னாங்க, நாந்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு நெல்லைக் கிளறப் போனாள். நான் கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். கைக்குழந்தைக்காரி, வேலை போனால் என்ன செய்வாள் என்று நினைத்தாரா? எழுதச் சொன்ன கையே கொடுத்த கையும் என்று தனக்கே தண்டனை எழுதிக்கொண்டாரா? அல்லது என் பெயரைச் சொல்லவே அருவருத்தாரா? ஊருக்கெல்லாம் தாளை நீட்டி ஏன் செய்தாய் என்று கேட்டவர், ஐந்து வருடம் எதிரே உட்கார்ந்திருந்தும் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

சுலோசனா மிஸ்ஸைத் தெரிந்தவர்களே, அவர் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். அவர் வாழ்நாளில் சொன்னதாக நான் அறிந்த ஒரே பொய், கீழ்வேளூர்ப் பக்கத்து ஒரு தெருவில், மண்ணை வாங்கிக்கொண்டு சொன்ன அந்தப் பொய்தான். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பதும் அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க இடமில்லை. வைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமையில்லை.

நாளை மறுநாள் மாதிரித் தேர்வு. எனக்கு மேற்பார்வை போட்டிருக்கிறார்கள். யாராவது மாட்டினால் பெயரையும் எண்ணையும் எழுதி அனுப்பிவிடுவேன். ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால், பாவம், சொல்லிவிடுவார்கள்.